மேல் மூலையின் ஈரம்

முழங்கை வரைக்கும் கையைக் குழிக்குள் விட்டு, அடியில் இருந்த மண்ணைக் கிள்ளி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோது அது உருண்டையாகத் திரண்டது. தட்டிப் பார்த்தேன், உதிரவில்லை. நடுக்கோடையில், அதற்கு முன் ஒரு புல்கூட முளைத்திராத மொட்டை மேட்டின் உச்சியில், அவ்வளவு ஆழத்தில் மண் ஈரமாக இருந்தது. செடி நட்டவர்கள் வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை.

அந்த மேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டவும் சாலை போடவும் வருஷக்கணக்காக மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, இனிமேல் எடுக்க ஒன்றுமில்லை என்றானதும் அப்படியே போட்டுவிட்டுப் போன இடம். கீழே நகரத்தில் வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போனது. வர வேண்டிய மாதத்தில் மழை வரவில்லை, வரக்கூடாத மாதத்தில் வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. காற்றில் கரியமில வாயு கூடிவிட்டது, மரங்கள் அதை இழுத்துத் தங்கள் உடம்பில் வைத்துக்கொள்ளும், ஆகவே மொட்டையாகக் கிடக்கிற இடங்களிலெல்லாம் மரம் வைக்கலாம் என்று ஓர் அமைப்பு கிளம்பியது. அதில் நான் மண் பார்க்கிற ஆள். மண்ணைத் தொட்டு, முகர்ந்து, சமயத்தில் நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே எது பிழைக்கும் எது பிழைக்காது என்று சொல்வது என் வேலை.

இந்த மண்ணில் எதுவும் பிழைக்காது என்பதுதான் என் நேர்மையான கருத்து. ஆனால் அதைச் சொல்வதற்கா சம்பளம் தருகிறார்கள்? அதனால் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கற்களை வளையமாக அடுக்கலாம். பகலில் கல் மண்ணுக்கு நிழல் தரும், இரவில் குளிர்ந்து பனியைப் பிடித்து வேருக்குச் சொட்டும். அறிக்கையில் படிப்பதற்கு அழகாக இருந்தது. வேலையாட்களைக் கொண்டு மேட்டின் மூன்று இடங்களில் கல் அடுக்க வைத்தேன். இடுப்பு ஒடிய அடுக்கியவர்கள் சும்மா இருப்பார்களா, எனக்குக் "கல்லு மேடம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே.

மூன்று இடங்களில் இரண்டில் செடிகள் காய்ந்து குச்சியாகின. மேல் மூலையில் மட்டும் இலை இலையாகத் தள்ளிக்கொண்டு வந்தன. என் இடுப்பு உயரம், பிறகு நெஞ்சு உயரம். அந்த இரண்டு இடங்களுக்கும் என்னிடம் கைவசம் காரணம் இருந்தது. நடுப்பகுதியில் ஆடு மேய்ந்துவிட்டது, மேட்டடிப் பள்ளத்தில் உப்பு அதிகம். ஆடு வந்ததை நான் பார்க்கவில்லை. உப்பை அளந்தேன், அது எல்லா இடத்திலும் இருக்கிற அளவுதான் இருந்தது. இருந்தாலும் நாக்கில் கொஞ்சம் கூடுதலாகக் கரித்தது போல இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்ற பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்று நினைக்கிற தாயின் காது எப்படியோ அப்படித்தான் என் நாக்கும்.

எங்கள் தலைவருக்கு "திட்டம்" என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் ஓடாது. சாப்பிடப் போவதைக்கூட "அடுத்த திட்டம் சாப்பாடு" என்பார். அதனால் அவருக்குப் பேரே திட்டம்தான். அவர் மேல் மூலையைப் பார்த்தார், செடிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், ஆற்றுக்கு அப்பால் கிடந்த பெரிய மொட்டை நிலத்தில் அடுத்த மழைக்கு முன்னால் கல் வளையம் வைத்தே நடுவது என்று முடிவு செய்தார். இந்த மேட்டைப் போலப் பல மடங்கு நிலம் அது. முறைக்கு என் பேரையே வைக்கலாம் என்றுகூடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கல் எவ்வளவு பனி பிடிக்கிறது என்று பெரிய நிலத்துக்காகக் கணக்குப் பார்க்கத்தான் அன்று குழி தோண்டினேன். பனி என்றால் மேலே விரல் நுனி அளவுக்கு ஈரம் இருக்கும், அதற்குக் கீழே காய்ந்திருக்கும். இங்கே தலைகீழாக இருந்தது. மேலே காய்ந்திருந்தது, கீழே போகப் போக ஈரம். இது வானத்திலிருந்து சொட்டிய ஈரமாக இருக்க முடியாது. யாரோ நின்று நிதானமாக ஊற்றிய தண்ணீர்.

குழியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். மூடிவிட்டுப் போகச் சொல்லி மனசு சொல்லவும் செய்தது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. ஒன்று தெரியவில்லை என்றால் சாப்பாடு இறங்காது. சின்ன வயதில் வானொலிப் பெட்டிக்குள் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கப் போய் அப்பாவிடம் அடி வாங்கியவள் நான். மேல் மூலைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது? தண்ணீர் லாரி எல்லாச் செடிக்கும் ஒரே அளவுதான் ஊற்ற வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்து போக வேண்டும். அது நான் வகுத்துக் கொடுத்த முறை.

"நல்லா இருக்குற செடியப் போயி எதுக்கு நோண்டுற?" என்றார் என் கணவர் அன்று இரவு.

"ஏன் நல்லா இருக்குன்னு தெரிய வேணாமா?"

"அதான் கல்லுன்னு சொன்னியே?"

நான் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வழக்கமாக அலுவலகம் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் மேட்டுக்குப் போவேன். மறுநாள் காலையிலேயே போனேன், அதுவும் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாக. மேல் மூலையில் லாரி நின்றுகொண்டிருந்தது. குழாய் தரையில் கிடந்தது. தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு கல் வளையங்களுக்கு இடையில் புகுந்து புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் எனக்கு முதுகைக் காட்டி, ஒரு செடிக்கு முன்னால் குந்தியிருந்தார். காதில் கைபேசி.

அவரை எனக்குத் தெரியும். சாயங்காலம் வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்துவிட்டுத் திரும்பும்போது பெரிய சாலை வரைக்கும் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அதிகம் பேச மாட்டார், பேசினால் ஏதாவது கேள்வி கேட்பார். ஒருமுறை, "மரம் மண்ணத் தின்னுதானே மேடம் வளருது? அப்ப இவ்ளோ பெரிய மரத்துக்கு அடியில பெரிய பள்ளம் விழணுமே, ஏன் விழல?" என்று கேட்டார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது, வெயிலை வைத்துக் காற்றை மரக்கட்டையாக்கிக்கொள்கிறது என்று சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். "காத்தையா? காத்தா இவ்ளோ கெட்டி?" என்று கதவோரத்தில் இருந்த மரச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

இப்போது அதைத்தான் கைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"... காத்துலேர்ந்துதானாம். நம்ம மூச்சுலேர்ந்து போற காத்துகூட அதுல இருக்குமாம். நம்பவே முடியல இல்ல? நேத்து சொன்னேனே, வளைஞ்ச செடி, அதுல இன்னிக்கு ரெண்டு புது இலை. செவப்பா இருக்கு. தொட்டா எண்ணெய் தடவின மாதிரி வழுவழுன்னு இருக்கு. வெயில் இருந்தாத்தான் அது சமைக்குமாம். அப்ப ராத்திரி என்ன பண்ணும்? சும்மாவா நிக்கும்? எனக்கும் தெரியல. கேட்டு நாளைக்குச் சொல்றேன். சரி, மணி அடிச்சிருச்சா? வெச்சிடு, வெச்சிடு."

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப் போய்க் குழாயை எடுத்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனால் பிடித்தவள் முகமும் அப்போது பார்க்கும்படியாக இருந்திருக்காது.

"தினமும் இப்படித்தானா அண்ணே?"

"இங்க மட்டும்தான் மேடம் சிக்னல் கிடைக்குது. மேடு பூரா நடந்து பாத்துட்டேன். இந்த மூலைல நின்னா டவர் நேரா தெரியும்."

"பேசும்போது குழாய மூடி வெக்கலாம்ல?"

"முதல்ல மூடிட்டுத்தான் பேசினேன். அப்புறம்..." தலையைச் சொறிந்தார். "தண்ணி போற சத்தம் கேட்டுட்டே இருந்தா அவ கொஞ்ச நேரம் கூட இருக்கா. நின்னா வெச்சிடுறா."

அவருடைய தங்கை. வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மா இறந்த சமயத்தில் அண்ணன் தங்கைக்குள் பேச்சு முற்றியிருக்கிறது. இவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது. "என்ன சொன்னேன்னு எனக்குச் சரியா ஞாபகம்கூட இல்ல மேடம். அவளுக்கு இருக்கும்," என்றார். வேலைக்குள் போகும்போது அங்கே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். காலை டீ இடைவேளையில் மட்டும் கையில் கிடைக்கும். வீட்டில் இருக்கும்போது இவர் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள், புருஷன் பிள்ளைகளுக்கு முன்னால் எடுத்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் டீ இடைவேளையில் எடுப்பாள்.

"எடுத்து என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. பேசினதே இல்ல. ஆனா எடுப்பா. தண்ணி சத்தம் கேட்டுட்டே இருந்தா மணி அடிக்கிற வரைக்கும் வெக்க மாட்டா." குழாயை அடுத்த செடிக்குத் திருப்பினார். "நானேதான் பேசணும். பழைய கதையப் பேசினா வம்பு. அதான் கண்ணுக்கு முன்னாடி என்ன இருக்கோ அதச் சொல்லிட்டிருப்பேன். இங்க செடியத் தவிர வேற என்ன இருக்கு?"

கோபம் வந்தது. பொய் சொல்வானேன், எனக்கு நல்ல கோபம் வந்தது. என் கற்கள், என் பனி, என் பேர் வைத்த முறை எல்லாம் ஒரு டீ இடைவேளையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மற்ற செடிகளுக்குத் தண்ணீர் எப்படிப் போதும் என்று கேட்டேன். போதாது என்று அவரே ஒத்துக்கொண்டார். பள்ளத்துக் கடைசி வரிசைக்குப் போகிறபோது தொட்டி காலியாகிக் குழாயில் காற்றுதான் வரும். உப்பு என்று எழுதி வைத்தேனே அந்தப் பள்ளம்தான். ஆட்டையும் உப்பையும் நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நிலைமையில் இல்லாததால் இருமி மறைத்தேன்.

அன்று அவர் என்னைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டபோது, "வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான். ராத்திரி மரம் என்ன பண்ணும் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

திட்டத்திடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அவர் மேசையில் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் நிலத்தின் வரைபடம் விரித்துக் கிடந்தது. ஓரங்களில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க நான்கு கற்கள். என் மேட்டிலிருந்து கொண்டுவந்தவை.

"கொஞ்ச நாள் பொறுங்க சார். கல்லுதான் காரணமான்னு இன்னொரு தடவ பாத்துடறேன்."

"அதான் செடி வளந்து நிக்குதேம்மா?"

"வளந்து நிக்குது. எதனாலன்னு கேட்டா என்ன சொல்றது? பெரிய நிலத்துல அவ்வளவு செடியும் கருகிடுச்சுன்னா?"

அவர் ஒரு கல்லை எடுத்து எடை பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டார். மரம் கருகினால் இன்னொரு முறை அந்த நிலத்தில் நடுவதற்கு யாரும் முன்வர மாட்டார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "சரி, இதுவும் ஒரு திட்டம்னு வெச்சுக்குவோம். ஆனா சீக்கிரம் முடி," என்றார். லாரிக்காரரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். லாரிக்காரரைச் சொன்னால் கல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சோதனை எளிமையானது. பள்ளத்தில் கல்லே இல்லாமல் புதிதாகக் கொஞ்சம் செடி நட்டோம். மேல் மூலைக்குக் கொட்டிக்கொண்டிருந்த அளவு தண்ணீரை அங்கே ஊற்ற வேண்டும். மேல் மூலைக்கு இனிமேல் மற்ற செடிகளுக்குரிய அளவு மட்டும். பள்ளத்தில் செடி தழைத்தால் காரணம் தண்ணீர், மேல் மூலை அதற்குப் பிறகும் வாடாமல் நின்றால் கல்லுக்கும் ஏதோ பங்கு உண்டு. தண்ணீர் ஊற்றும் நேரம் மாறக்கூடாது. வெயில் ஏறிவிட்டால் பாதி ஆவியாகிப் போய்விடும், கணக்கு கெட்டுவிடும். ஆகவே அதே காலை நேரத்தில் அவர் பள்ளத்தில் நிற்க வேண்டும்.

"அங்க சிக்னல் இல்லையே மேடம்."

"தெரியும் அண்ணே."

"அந்த நேரந்தான் அவளுக்கு..."

"தெரியும். கொஞ்ச நாள்தான்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எழுதி அனுப்பலாமே என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எழுதினால் அவள் பதில் எழுத வேண்டியிருக்கும், பதில் எழுத வேண்டி வந்தால் எடுப்பதையும் நிறுத்திவிடுவாள் என்றார். அவருக்குத் தங்கையின் ரோஷம் நுணுக்கமாகத் தெரிந்திருந்தது. பிறகு சரி என்று ஒத்துக்கொண்டார். அவருடைய குட்டு என்னிடம் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்? அதை நினைத்துத்தான் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் காலையில் நான் மேல் மூலையில் இருப்பேன், அவர் பள்ளத்தில் இருப்பார். முதல் நாளே கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டார். "அங்க கொண்டுபோனா எடுத்து எடுத்துப் பாத்துட்டே இருப்பேன். குழாய எங்கயாவது பிடிச்சிடுவேன்," என்றார். நான் அதை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, இலைகளை அளக்கும் வேலையைப் பார்ப்பேன். மேலிருந்து பார்த்தால் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் ஒழுங்காக நடப்பது தெரியும். யாருமே இல்லாத இடத்தில் அவர் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மெதுவாகப் பக்கத்தில் போய்க் கேட்டேன். செடிகளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். "சின்னதுங்க மேடம், சொன்னா கேக்கும்," என்று அசடு வழிந்தார்.

பள்ளத்துச் செடிகள் கேட்டன. இரண்டாவது வாரத்தில் அவற்றில் சிவப்பாக நுனி தெரிந்தது. கல் இல்லை, பனி இல்லை, நாக்கில் கரித்த உப்பு மட்டும் அப்படியே இருந்தது. எண்ணெய் தடவியது போல வழுவழுப்பான இலைகள். நான் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். மேலே என் கல் வளையத்துச் செடிகளில் சிலவற்றுக்கு இலை ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. சில சுருளவில்லை. அந்தச் சில ஏன் சுருளவில்லை என்பது இன்னொரு கேள்வி, அதற்கு நாளாகும். ஆனால் ஆற்றுக்கு அப்பால் கல்லை மட்டும் நம்பி நடக்கூடாது என்பது தெரிந்துவிட்டது. திட்டத்திடம் போய்ச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் என் கணவரும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்துக்கு நடுவிலேயே, அந்தச் சில செடிகளுக்கு அடியில் மண் எப்படி இருக்கும், இப்போதே தோண்டிப் பார்த்தால் என்ன என்று கை அரித்தது. என்னைத் திருத்த முடியாது.

மறுநாள் காலை, கையை மறுபடியும் முழங்கை வரை மண்ணுக்குள் விட்டிருந்தபோது, கல்லின் மேல் இருந்த கைபேசி அடித்தது.

அவர் கைபேசி அடித்து நான் கேட்டதே இல்லை. அவர்தானே எப்போதும் கூப்பிடுவார். மண்கையோடு எடுத்துப் பார்த்தேன். திரையில் பேர் இல்லை, "பாப்பா" என்று மட்டும் இருந்தது. கீழே பார்த்தேன். அவர் கடைசி வரிசையில் இருந்தார். கூப்பிட்டால் கேட்கும், ஆனால் வந்து சேர்வதற்குள் நின்றுவிடும். இந்த நேரத்தில் நின்றுபோனால் மறுபடியும் அடிக்குமா? அழுத்திக் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் டீக் கோப்பைகள் மோதும் சத்தம். நிறையப் பெண்களின் சிரிப்பு. பிறகு மிக அருகில் ஒரு குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு:

"அண்ணே. ராத்திரி என்ன பண்ணும்னு கேட்டுச் சொல்றேன்னியே. சொல்லவே இல்ல?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட பதில். ஆனால் அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. "நான் அவர்கூட வேலை செய்யறவங்க. அண்ணன் கீழ தண்ணி ஊத்திட்டிருக்கார்மா. வெச்சிடாதீங்க, இதோ கூப்பிடறேன். வெச்சிடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே விளிம்புக்கு ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. "அண்ணே! உங்க தங்கச்சி! பேசறாங்க! பேசறாங்க அண்ணே!"

அவர் நிமிர்ந்தார். சொன்னது புரிவதற்கு ஒரு கணம் ஆனது. பிறகு குழாயை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். அந்த உடம்போடு, அந்தச் செருப்போடு, கல்லிலும் சரளையிலும் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி எழுந்து ஓடிவந்தார். வந்தவருக்கு மூச்சு வாங்கியது. கைபேசியைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு, "பாப்பா," என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னது. அவர் கையால் கைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு எழுப்பிவிட்ட பிள்ளையின் முகம்.

"மேடம், ராத்திரி மரம் என்ன பண்ணும்?"

"மூச்சு விடும் அண்ணே. நம்மள மாதிரியே. பகல்ல இழுத்து வெச்சதுல கொஞ்சத்த வெளிய விடும். கொஞ்சந்தான். மீதிய உடம்புல சேத்து வெச்சுக்கும்."

"மூச்சு விடுமாம்," என்றார் அவர். "நம்மள மாதிரியேதானாம். கொஞ்சம் வெளிய விட்டுட்டு, மீதிய வெச்சுக்குமாம்." வளைந்த செடியின் முன்னால், வழக்கமாகக் குந்தும் இடத்தில் குந்தினார்.

நான் கீழே பார்த்தேன். கைவிடப்பட்ட குழாய் பள்ளத்தில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரிசைகளைத் தாண்டி, அளந்து ஊற்ற வேண்டிய புதுச் செடிகளையும் காய்ந்துபோன பழைய செடிகளையும் ஒன்றாகச் சூழ்ந்துகொண்டு பரவியது. இன்றைய கணக்கு போயிற்று. இனிமேல் புதிதாகத் தொடங்க வேண்டும். குழாயை மூட நான்தான் போக வேண்டும், சரிவில் இறங்கத் தொடங்கினேன். பாதி வழியில் மேலே சத்தமே இல்லாததைக் கவனித்து நின்றேன். வெச்சிட்டாளா? திரும்பிப் பார்த்தேன்.

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஆனால் அசையவில்லை. தலை மட்டும் ம், ம் என்று ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கை தன்பாட்டுக்கு வளையத்திலிருந்து ஒரு கல்லை எடுப்பதும், பார்க்காமலே அதை அதே இடத்தில் திருப்பி வைப்பதுமாக இருந்தது.